பயமுறுத்தியதற்குப் பெயர் சர்ப்ரைஸ் இல்லை



நீளமான பதிவு. முப்பத்து நான்கு வருஷம் நாற்பது நிமிஷ வகுப்பாகவே எடுத்துப் பழகியவளுக்குச் சுருக்கமாக எழுத வராது. காபியை வைத்துக்கொண்டு உட்காருங்கள். பாதியில் ஓடுகிறவர்கள் கடைசிப் பகுதியையாவது படித்துவிட்டு ஓடுங்கள்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. யார் போட்டது என்று சொல்லப்போவதில்லை. குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை. நாலு வயதுப் பெண் குழந்தை, கையில் பொம்மையோடு அறைக்குள் வருகிறாள். கதவுக்குப் பின்னால் அப்பா, முகத்தில் ரப்பர் பேய் முகமூடி. "பே!" என்று கத்திக்கொண்டு முன்னால் குதிக்கிறார். பொம்மை ஒரு பக்கம் எகிறி விழுகிறது. ஒரு விநாடி குழந்தையிடமிருந்து சத்தமே வரவில்லை. அப்புறம் "அம்மா" என்று ஒரு அலறல். அம்மா எங்கே? அம்மாதான் செல்போனைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறாள். சிரிக்கிற சிரிப்பில் படமே ஆடுகிறது. கீழே ஒரு தலைப்பு: "சர்ப்ரைஸ் ஃபார் அவர் பிரின்சஸ்".

நாற்பத்தொரு பேர் சிரிப்பு எமோஜி போட்டிருந்தீர்கள். எண்ணிப் பார்த்தேன். வருகைப் பதிவேடு எடுத்த பழக்கம் போகவில்லை.

"இது சர்ப்ரைஸ் இல்லை" என்று ஒரு வரி எழுதினேன். உடனே பதில்கள் வந்தன. "பெரியம்மா, ஜஸ்ட் ஃபன்." "சித்தி, ப்ராங்க் எல்லாம் இப்போ எல்லாரும் பண்றதுதான்." என்னிடமே ஆறாம் வகுப்பு படித்த என் தம்பி மகன் ஒருவன் எழுதினான்: "அத்தை, சர்ப்ரைஸ், ஷாக், ஸ்கேர் எல்லாம் ஒண்ணுதானே? வார்த்தைல என்ன இருக்கு?"

அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிவு. என்னிடம் படித்தவன் இப்படிக் கேட்டால் தப்பு அவனுடையது மட்டும் இல்லை. நான் நடத்திய பாடத்தில் எங்கேயோ ஓட்டை இருந்திருக்கிறது. அதை இப்போதாவது அடைக்கிறேன்.

ஒருவரைத் திடீரென்று தூக்கிவாரிப்போட வைப்பதற்கும் பயப்பட வைப்பதற்கும் இங்கிலீஷில் ஏழெட்டுச் சொற்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி எடை. நாமோ அதில் செய்கிறவருக்கு வசதியான இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஒன்று சர்ப்ரைஸ், இன்னொன்று ப்ராங்க். பட்டவருக்கு என்ன ஆனது என்று சொல்லும் சொற்களையெல்லாம் டிக்‌ஷனரியிலேயே விட்டுவிட்டோம். நான் சொல்ல வந்தது இதுதான்: ஒரு காரியத்துக்குப் பெயர் வைக்கும் உரிமை அதைச் செய்தவருக்குக் கிடையாது. அது யார் மேல் விழுந்ததோ அவருக்குத்தான் உண்டு.

சரி, பாடத்துக்கு வருவோம். நோட்டை எடுங்கள்.

முதலில் சர்ப்ரைஸ். பழைய பிரெஞ்சிலிருந்து இங்கிலீஷுக்கு வந்த சொல். மேலே பாய்ந்து பிடித்தல் என்பது அதன் வேர்ப்பொருள். எதிரி அசந்திருக்கும் நேரத்தில் படை திடீரென்று தாக்கிக் கோட்டையைப் பிடிப்பதைத்தான் ஆதியில் அப்படிச் சொன்னார்கள். பிறகு மெல்ல மெல்ல எதிர்பாராதது என்ற பொருளுக்கு இறங்கி, இன்றைக்குக் கேக், பலூன் வரை வந்திருக்கிறது. நடந்தது நல்லதா கெட்டதா என்று அந்தச் சொல் சொல்லாது. அதனால்தான் இங்கிலீஷ்காரர்களே ப்ளசன்ட் சர்ப்ரைஸ், நாஸ்டி சர்ப்ரைஸ் என்று முன்னால் இன்னொரு சொல் போட்டுக்கொள்கிறார்கள். நாம் அந்த முன்சொல்லைக் கழற்றிவிட்டு, சர்ப்ரைஸ் என்றாலே நல்லது என்று வைத்துக்கொண்டோம்.

அடுத்தது ஸ்டார்ட்டில். இது பழைய ஆங்கிலச் சொல். உதைத்தல், தடுமாறுதல் என்ற பொருளில் இருந்தது. சர்ப்ரைஸ் மனசுக்கு நடப்பது, ஸ்டார்ட்டில் உடம்புக்கு நடப்பது. குக்கர் விசில் திடீரென்று அடித்தால் தூக்கிவாரிப்போடுகிறதே, அதுதான். இதற்கு யாரும் வேண்டுமென்றே செய்யவேண்டும் என்பதில்லை. கதவு சாத்தும் சத்தம் போதும்.

ஸ்கேர், ஃப்ரைட்டன் இரண்டும் பயத்தைப் பற்றியவை. ஸ்கேர் என்பது பழைய நோர்ஸ் மொழியிலிருந்து வந்தது. ஸ்கேர்குரோ என்று ஏழாம் வகுப்பில் படம் வரைந்தீர்கள், நினைவிருக்கிறதா? நம் ஊர் சோளக்கொல்லை பொம்மை. அதைக் காக்காய்க்கு சர்ப்ரைஸ் கொடுக்க யாரும் நட்டு வைப்பதில்லை. டெரிஃபை என்றால் குலைநடுங்க வைப்பது. இது ஃப்ரைட்டனைவிடப் பல மடங்கு.

ஷாக் என்பதும் போர்க்களத்தோடு பழகிய சொல். இரண்டு படைகள் ஒன்றோடொன்று மோதுகிற மோதல். நாம் இன்றைக்கு வெங்காய விலைக்கும் ஷாக், சாவுச் செய்திக்கும் ஷாக். அஸ்டானிஷ் என்பதன் வேர் லத்தீனில் இடி. நாமும் தலையில் இடி விழுந்த மாதிரி என்றுதானே சொல்கிறோம்? அலார்ம் இத்தாலியிலிருந்து வந்தது. ஆயுதத்தை எடு என்ற கூவல் அது. பேனிக் என்பது பான் என்ற கிரேக்கக் காட்டுத் தெய்வத்தின் பெயரில் வந்தது. ஆளில்லாத இடத்தில் காரணமே தெரியாமல் வரும் பயத்தை அந்தத் தெய்வத்தின் வேலை என்று நம்பினார்கள்.

இப்போது வேர்களை வரிசையாகப் படியுங்கள். கோட்டையைப் பிடித்தல், உதைத்தல், மோதல், இடி, ஆயுதம், காட்டுத் தெய்வம். இதில் விளையாட்டு எங்கேயாவது இருக்கிறதா? இந்தச் சொற்களை உண்டாக்கிய மக்களுக்கு, ஒரு மனுஷரைத் திடீரென்று கலக்குவது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரிந்திருந்தது.

ப்ராங்க்குக்கு வருகிறேன். இங்கிலீஷில் அதை எப்படிச் சொல்வார்கள்? ப்ளே எ ப்ராங்க் ஆன் சம்படி. ஆன் என்ற அந்தச் சின்னச் சொல்லைக் கவனியுங்கள். குழந்தையோடு பந்து விளையாடினால் வித். குழந்தையிடம் ப்ராங்க் செய்தால் ஆன். ஒன்று கூட, இன்னொன்று மேல. ப்ரெபொசிஷன் பாடத்தில் தூங்கினவர்கள் இப்போதாவது விழித்துக்கொள்ளுங்கள். விளையாட்டு என்றால் இரண்டு பேரும் விளையாடவேண்டும்.

இன்னொரு இலக்கணம். உங்களில் பாதிப்பேர் ஐ ஆம் போரிங் என்று எழுதுவீர்கள். நான் சிவப்பு மையில் "அது எனக்கே தெரியும்" என்று எழுதித் தருவேன். இங் போட்டால் செய்கிறவர், எட் போட்டால் பட்டவர். ஃப்ரைட்டனிங் என்றால் பயமுறுத்துகிற, ஃப்ரைட்டன்ட் என்றால் பயந்துபோன. இது வெறும் வால் எழுத்துச் சமாச்சாரம் என்று நினைத்தீர்கள். அந்த வீடியோவில் இங் இருந்தது முகமூடிக்குள்ளே. எட் இருந்தது அந்தக் குழந்தையின் முகத்தில். தலைப்பு எழுதியவர்கள் எட்டைப் பார்க்கவே இல்லை.

தமிழில் இது இல்லையா என்று கேட்பீர்கள். இதைவிட அழகாக இருக்கிறது. மிரள், மிரட்டு. வெருள், வெருட்டு. மருள், மருட்டு. தன்வினை, பிறவினை என்று ஒரே வேரிலிருந்து இரண்டு பக்கத்தையும் காட்டிவிடுகிறது மொழி. யாரோ மிரட்டினால்தான் ஒருவர் மிரள்கிறார் என்று சொல்லிலேயே இருக்கிறது. தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயல் உண்டு. எட்டு மெய்ப்பாடுகள். அதில் வியப்புக்கு மருட்கை என்று பெயர், அச்சம் தனியாக இன்னொன்று. இரண்டையும் கலக்கவில்லை. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் இந்த நான்கால் மருட்கை பிறக்கும். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை இந்த நான்கால் அச்சம் பிறக்கும். கடைசியில் இருக்கும் இறையைப் பாருங்கள். நம்மை ஆளுகிறவர். பேய்க்கும் புலிக்கும் திருடனுக்கும் பக்கத்தில் அவரையும் நிற்க வைத்திருக்கிறார் தொல்காப்பியர். நாலு வயதுக் குழந்தைக்கு இறை யார்? அப்பாவும் அம்மாவும்தான். அந்த அப்பா பேய் முகமூடியும் போட்டுக்கொண்டால் அணங்கும் இறையும் ஒரே ஆளாகிவிடுகிறார். குழந்தை எங்கே போய் ஒளியும்?

இனி அறிவியல். பிறந்த குழந்தை சின்னச் சத்தத்துக்கும் இரண்டு கையையும் விரித்து உதறி, பிறகு அணைக்கிற மாதிரி மடக்கிக்கொண்டு அழுவதைப் பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எர்ன்ஸ்ட் மோரோ என்ற குழந்தை மருத்துவர் 1918இல் இதை விவரித்து எழுதினார். இன்றைக்கும் மருத்துவர்கள் அவர் பெயரால் மோரோ அனிச்சைச் செயல் என்றுதான் சொல்கிறார்கள். நாலைந்து மாதத்தில் அது மறைந்துவிடும். ஆனால் தூக்கிவாரிப்போடுவது சாகும்வரை நம்மோடு இருக்கும். கண் மூடிக்கொள்ளும், தோள் ஏறும், கழுத்து உள்ளே இழுக்கும். யோசிப்பதற்கு முன்னாலேயே எல்லாம் நடந்து முடிந்துவிடும். எவ்வளவு தைரியசாலியானாலும் அதைத் தடுக்க முடியாது. அதனால் "பயந்தாங்கொள்ளி" என்று சிரிப்பதில் அர்த்தமே இல்லை. நீங்கள் சிரிப்பது அந்த ஆளின் கோழைத்தனத்தைப் பார்த்து இல்லை, அவருக்கு நரம்பு சரியாக வேலை செய்வதைப் பார்த்து.

"ஒரு நிமிஷப் பயம்தானே, மறந்துடும்" என்கிறவர்களுக்கு இன்னொரு செய்தி. 1920இல் அமெரிக்காவில் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வாட்சன், ரேனர் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனையைப் பற்றி எழுதினார்கள். ஏறக்குறைய பதினோரு மாதக் குழந்தை. ஆல்பர்ட் என்று கட்டுரையில் பெயர். அவன் முன்னால் ஒரு வெள்ளை எலியை விடுவார்கள். முதலில் அவனுக்கு எலியைப் பார்த்துப் பயமே இல்லை. கையை நீட்டித் தொடப் போனான். தொடப் போகும் நேரத்தில் அவன் தலைக்குப் பின்னால் ஓர் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். குழந்தை துள்ளி விழுந்தது. திரும்பத் திரும்பச் செய்தார்கள். சில தடவைக்குப் பிறகு சத்தமே தேவைப்படவில்லை. எலியைப் பார்த்தாலே அழுதான். அதோடு நிற்கவில்லை. முயலைப் பார்த்தும் அழுதான். வெள்ளைத் தாடி வைத்த கிறிஸ்துமஸ் தாத்தா முகமூடியைக் கண்டும் மிரண்டான். அந்தப் பயத்தை எடுத்துவிடாமலேயே சோதனை முடிந்துபோனது, குழந்தை போய்விட்டது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அதையும் படம் பிடித்தார்கள். நூறு வருஷம் கழித்தும் அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. இன்றைக்கு உளவியல் வகுப்புகளில், இப்படிச் செய்யவே கூடாது என்பதற்கு அதைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள்.

பின்னாலிருந்து திடீர்ச் சத்தம், ஒரு முகமூடி, ஒரு கேமரா. நம் வீட்டு வீடியோவில் எது குறைந்தது? ஆல்பர்ட்டை மிரட்டியவர்களுக்காவது அது சோதனை என்று தெரியும்.

இனி நீங்கள் எழுதப்போகும் பதில்களுக்கு முன்கூட்டியே பதில்.

"குழந்தை அப்புறம் சிரிச்சுதே, அத்தை." சிரிக்கும். பயம் போன நிம்மதியில் சிரிப்பு வரும். சுற்றி எல்லாரும் சிரிக்கும்போது தான் மட்டும் அழுதால் தோற்றுப்போவோம் என்றும் சிரிப்பு வரும். நாலு வயதிலேயே அது தெரிந்துவிடும். சிரித்துவிட்டாள் என்பது அவள் கொடுத்த சம்மதக் கடிதம் ஆகாது.

"எங்களையும் பூச்சாண்டி காட்டித்தானே வளர்த்தீங்க?" ஆமாம். சோறு ஊட்டப் பூச்சாண்டி, தூங்க வைக்கப் பூச்சாண்டி. தப்புதான். ஆனால் பூச்சாண்டி வருகிறான் என்று சொன்ன அம்மாவின் இடுப்பில்தான் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். பயந்தவுடன் அவள் தோளிலேயே முகத்தைப் புதைத்துக்கொள்ளலாம். இங்கே அந்தத் தோளில் செல்போன் இருக்கிறது.

"அப்படின்னா குழந்தையோட விளையாடவே கூடாதா?" விளையாடுங்கள். முந்தானையால் முகத்தை மூடி, "அம்மா எங்கே? காணோமே... இதோ!" என்று காட்டுங்கள். உலகம் முழுக்க அந்த விளையாட்டு உண்டு. இங்கிலீஷில் பீக்கபூ என்பார்கள். அதிலும் திடீர் இருக்கிறது. ஆனால் துணிக்குப் பின்னாலிருந்து வரப்போவது அம்மா முகம்தான் என்று குழந்தைக்குத் தெரியும். திடீரென்று வந்தது நல்லதாக இருந்தால் அது சர்ப்ரைஸ். அந்தச் சொல்லை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

"பேய்ப் படம் காசு கொடுத்துப் பார்க்கிறோமே?" டிக்கெட் எடுத்தது யார்? நீங்கள். கண்ணை மூடிக்கொள்ளலாம், எழுந்து வந்துவிடலாம். அந்தக் குழந்தை எந்த கவுன்ட்டரில் டிக்கெட் வாங்கினாள்? எண்பது வயதுப் பாட்டியின் பின்னால் பட்டாசு கொளுத்துகிறீர்களே, அந்தப் பாட்டி எந்த கவுன்ட்டரில் வாங்கினாள்?

இத்தனை பேச்சுப் பேசுகிறாளே, இவள் யோக்கியமா என்று யாராவது நினைத்தால் நியாயம்தான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

1992ஆம் வருஷம், ஆறாம் வகுப்பு. பாடத்தில் ஸ்டார்ட்டில் என்ற சொல் வந்தது. கைடில் திடுக்கிடச் செய் என்று போட்டிருந்தது. பிள்ளைகளுக்குப் புரியவில்லை. ஜன்னல் ஓரமாக ஒரு பையன் தலை சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். ராத்திரி அப்பாவோடு வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிற பையன். எனக்கு அது தெரியும். தெரிந்தும் என்ன செய்தேன்? மற்றவர்களுக்கு உஷ் என்று விரலைக் காட்டிவிட்டு, சத்தமில்லாமல் அவன் பின்னால் போய், மர ஸ்கேலால் பெஞ்சில் ஓங்கி ஒரு அடி அடித்தேன்.

துள்ளி எழுந்தான். நின்ற இடத்திலேயே டிராயர் நனைந்துவிட்டது. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். "இதுதான் ஸ்டார்ட்டில், எழுதிக்கோங்க" என்றேன்.

அந்த வகுப்புப் பிள்ளைகள் யாரும் அந்தச் சொல்லை மறக்கவில்லை. பல வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அவர்களில் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், ஸ்டார்ட்டில் இன்னைக்கும் மறக்கல டீச்சர்" என்று பெருமையாகச் சொன்னாள். என்னால் சிரிக்க முடியவில்லை. ஏனென்றால் அந்தப் பையனும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவன் என் வகுப்பில் இருந்தான். நான் உள்ளே நுழைந்தால் மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்வார்கள். அவன் என் கையைப் பார்ப்பான். எதை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று பார்ப்பான். இரண்டு வருஷமும்.

அன்றைக்கு நான் நடத்தியது ஸ்டார்ட்டில் பாடம் என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். மற்ற பிள்ளைகளுக்கு அது ஃபன். எனக்கு அது கற்பித்தல் முறை. ஆசிரியர் பயிற்சியில் துணைக்கருவி என்று சொல்லிக்கொடுத்தார்களே, அந்தக் கணக்கில் ஒரு பையனின் மானத்தை வைத்துவிட்டேன். அவன் பக்கத்திலிருந்து பார்த்தால் அதற்கு ஒரே பெயர்தான், டெரிஃபை. அந்தச் சொல்லை நான் அன்றைக்கே போட்டிருந்தால் என் கை நின்றிருக்கும். செல்லமான பெயர் கையில் இருந்ததால்தான் தைரியம் வந்தது.

தம்பி, நீ இப்போது எந்த ஊரில் இருக்கிறாயோ தெரியாது. முகநூலில் இருக்கிறாயா என்றும் தெரியாது. உனக்கும் ஐம்பதை நெருங்கும் வயதாகியிருக்கும். உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அன்றைக்கு அந்த வகுப்பில் எல்லார் முன்னாலும் கேட்டிருக்கவேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் தாமதமாக, இங்கே எல்லார் முன்னாலும் கேட்கிறேன்.

தம்பி மகனே, வார்த்தையில் என்ன இருக்கிறது என்று கேட்டாய். இவ்வளவு இருக்கிறது.

கடைசியாக எல்லாருக்கும் ஒரு வீட்டுப்பாடம். இனிமேல் இப்படி எதையாவது செய்வதற்கு முன்னால், அதை ஒரு முழு வாக்கியமாக உங்களுக்குள் சொல்லிப் பாருங்கள். ப்ராங்க், சர்ப்ரைஸ், ஃபன் மூன்றும் போடக்கூடாது. எழுவாய், செயப்படுபொருள், பயனிலை மூன்றும் இருக்கவேண்டும். "நான் என் நாலு வயது மகளைப் பேய் முகமூடி போட்டு அலற வைக்கப்போகிறேன்." "நான் என் பாட்டியை நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வைக்கப்போகிறேன்." சொல்லிப் பார்த்த பிறகும் சிரிப்பு வந்தால், அப்புறம் செய்யுங்கள்.

அந்த வீடியோவைக் குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தக் குழந்தை பெரியவளாகிப் பார்க்கும்போது என்ன தலைப்பு இருந்தால் அவளுக்குச் சரியாக இருக்கும் என்று அவள் அம்மா யோசித்து, அவளே முடிவு செய்யட்டும். நாற்பத்தொரு பேரும் போட்ட சிரிப்பை நீங்களே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அதற்கு என் அனுமதி தேவையில்லை.

என்னோடு சண்டை போட விரும்புகிறவர்கள் கமென்ட்டில் தாராளமாகப் போடுங்கள். ஒற்றுப்பிழைக்கு மதிப்பெண் குறைப்பேன், பரவாயில்லையா?

அன்புடன்,
உங்கள் டீச்சர்